நீங்கள் படி இறங்கியதும் பெருக்கிய இயந்திரம் குறித்து

குத்துக்கல்வலசை,
14.07.2025

மாமா (இன்னும் முடிவாகவில்லை, இருந்தாலும்) பலவேசம் அவர்களுக்கு, குற்றாலீஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, அது தவிர.

13.07.2025, ஞாயிறு, மாலை 4 மணி 30 நிமிடம். எங்கள் வாசற்படியைத் தாண்டியவர்கள் ஏழு பேர். ஏழாவது ஆள் தாண்டிப் பதினோரு விநாடியில் உள்ளே ரோபோ பெருக்கத் தொடங்கியது. இந்த எண்களில் நமக்குள் தகராறு இருக்காது.

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் கிளம்பிய கையோடு வீட்டைப் பெருக்கினால், இனி வராதீர்கள் என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும். அம்மா காலையிலேயே இரண்டு விளக்குமாறையும் மாடியில் ஒளித்துவிட்டார். ரோபோவை அவர் விளக்குமாறாக நினைக்கவில்லை, நானும்தான். விளம்பரத்தை நம்பாதவன் என்பதால் இரண்டு ரோபோ வாங்கிச் சோதித்துக்கொண்டிருந்தேன். முதலாவது மோதி மோதித் திரும்பும் ரகம். டைல்ஸ் தரையில் ஐம்பது கிராம் ரவையைக் கொட்டினால் நாற்பத்தொன்பது எடுக்கும். கார்ப்பெட்டில் ஏறாது, விளிம்பில் நின்று உறுமும். இரண்டாவது லேசரால் வீட்டை அளந்து வைத்துக்கொள்ளும். தரையில் நாற்பத்தெட்டு, கார்ப்பெட்டில் நாற்பத்துமூன்று. ஆனால் கார்ப்பெட் குஞ்சத்தைத் தின்னும். நேற்று நீங்கள் போன பிறகு சோதித்ததில், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே வந்த உங்கள் தங்கை சங்கரேஸ்வரி அவர்களின் காலடித் தடங்களில் இரண்டுமே தோற்றன. ஒன்று வழுக்கியது, மற்றது எண்ணெயை ஹால் முழுக்கச் சமமாகப் பூசியது. குறை சொல்லவில்லை, தகவல்.

உங்கள் மகள் இசக்கிப்பிரியாவும் நானும் தனியாகப் பேச நீங்கள் கொடுத்த பத்து நிமிடத்தில் ஒன்பது இந்த ஒப்பீட்டிலேயே போயிற்று. "குஞ்சத்த மடிச்சு உள்ள விட்டா திங்காதுல்லா?" என்று கேட்டார். எனக்குத் தோன்றாத யோசனை. "ஒருக்க ஓட விட்டுக் காட்டுங்களேன்" என்றார். "நீங்க போனப்புறந்தான் ஓடும்" என்றேன். இதற்கு முன் பார்த்த நான்கு பெண்களில் எவரும் குஞ்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இவரைத்தான் கட்டிக்கொள்ள விரும்புகிறேன். இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ரவையைப் பற்றிப் பேசிவிட்டேன்.

இனி, யார் தவறு என்பது. ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம். நாலு மணிக்கே கிளம்பிவிடுவீர்கள், நாலரைக்குக் கடையநல்லூரை நெருங்கியிருப்பீர்கள், அதற்குமேல் பெருக்கினால் தோஷமில்லை என்று கணக்குப் போட்டு 4:30க்கு நேரம் வைத்தேன். நீங்களோ மூன்றாவது காபி குடித்தீர்கள். படி இறங்கிய பிறகு, கைப்பையை விட்டுவிட்டேன் என்று இசக்கிப்பிரியா தனியே உள்ளே போய்வந்தார். ஆகவே தாமதம் பெண் வீட்டார் பக்கம். உடனே உள்ளே ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல் 'சுத்தம் செய்யத் தொடங்குகிறேன்' என்றது. உங்கள் தங்கை திரும்பிப் பார்த்து, "யண்ணே, பொணம் எடுத்த வீட்டுலகூட தெருமுனை தாண்ட விட்டுத்தான் பெருக்குவாவ. இங்கன நாம வண்டி ஏறல, அதுக்குள்ள பெருக்குதாவ" என்றார். முப்பது வருஷம் போலீசில் இருந்த நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினீர்கள். அதுதான் பயமாக இருந்தது. அம்மா கடைசியாக என்னிடம் பேசியது: "ஏலே, நான் ரெண்டு வாரியலயும் ஒளிச்சு வச்சேன். நீ தானாப் பெருக்குத வாரியலா வாங்கி வச்சிருக்க."

ஒன்பது முறை அழைத்தும் நீங்கள் போனை எடுக்கவில்லை. வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். ஆவணிக்குள் உங்களுக்கு வேறு வரன் வந்துவிடும். அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம். தவறு என்னுடையதல்ல என்பதை ஏற்று, செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்லவும்.

இந்தச் சாரலில் உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி கூடாமல் இருக்கட்டும். வீட்டில் அனைவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
கு. குற்றாலீஸ்வரன், பி.இ.

பி.கு.: உறையை ஒட்டும்முன் ரோபோவின் பதிவைப் பார்த்தேன். நான் வைத்த நேரத்துக்கு அது ஓடவில்லை. 4:29க்கே மேலேயுள்ள பொத்தானை யாரோ விரலால் அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தினால் அரை நிமிடம் கழித்துத்தான் அது கிளம்பும். நீங்கள் துப்பறிந்து பழகியவர். தயவுசெய்து இதைத் துப்பறிய வேண்டாம். மேலே எழுதிய அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். தவறு முழுக்க என்னுடையது. இனி நான் செய்யப்போவது:

1. பதிவை அழிப்பது. (அழித்தாயிற்று.)
2. மோதித் திரும்புவதைத் திருப்பி அனுப்புவது; மற்றதை வைத்துக்கொள்வது. குஞ்சத்தை மடித்துவிட்டேன், தின்னவில்லை.
3. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாசுதேவநல்லூரில் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்பது.
4. விடைபெற்றுத் தெருமுனை வரை மெதுவாக நடப்பது. பின்னால் வாரியல் சத்தம் கேட்கவில்லை என்றால், அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வது.