கிறோல்ஸ்பேஸ் பாக்கப் போன கதை

இலங்கையில சண்டை முடிஞ்ச வருஷம், இஞ்ச கனடாவில கோடைகாலம். மனுசி எனக்குத் தந்தது லேசான வேலைதான். ஸ்ரௌவ்வில் எண்ட ஊரில நாங்கள் வாங்க நினைச்ச வீட்டுக்கு அடியில, கிறோல்ஸ்பேஸ் எண்டுற பதிஞ்ச இடத்துக்குள்ள, வீடு சோதிக்கிற இன்ஸ்பெக்டர் தவண்டு போய்ப் பாக்கேக்கை, நான் பக்கத்தில நிக்கோணும்.

"அவர் பாப்பார். நீங்கள் விளங்கின மாதிரித் தலையாட்டினால் காணும்," எண்டாள் மாலா. "நான் வேலையால நேர அங்க வாறன். குழப்பிப்போடாதேங்கோ. இந்த வீடும் போச்செண்டால் நான் பேஸ்மென்றிலதான் கிழவியாவன்."

நியாயமான பயம். கலியாணம் கட்டின நாளில இருந்து ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்றிலதான் குடியிருக்கிறம். யன்னலால பாத்தால் ஆக்களின்ர சப்பாத்துத்தான் தெரியும். நிலத்துக்கு மேல ஒரு வீடு, அவ்வளவுதான் அவளின்ர ஆசை.

விக்கிறவரும் எங்கட ஆள்தான். சிவா அண்ணை. கதவைத் திறந்த கையோட சொல்லிப்போட்டார்.

"தம்பி, பாக்கிறதைப் பாரும். ஆனா அது உடைஞ்சிருக்கு, இது ஒழுகுது எண்டு என்னட்டை வரப்படாது. இந்த வீட்டில நான் இனி ஒரு ஆணி கூட அடிக்க மாட்டன்."

"ஓம் அண்ணை."

இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர், பேர் டேவ். படிக்கட்டுக்குப் பக்கத்தில நிலத்தில இருந்த சதுரப் பலகையைத் தூக்கினார். கீழ கும்மிருட்டு. முழங்காலுக்கு மெத்தை கட்டி, நெத்தியில லைற்றோட இறங்கித் தவண்டு போனார். நானும் சிவா அண்ணையும் ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் நிண்டம்.

"ஈரம் இல்லை!" எண்டு கீழயிருந்து குரல் வந்தது.

தலையாட்டினன். இருட்டுக்குள்ள கிடக்கிற மனிசனுக்கு என்ர தலை எப்பிடித் தெரியும்? எண்டாலும் ஆட்டினன். மாலா சொன்னவள்.

"பூஞ்சணம் இல்லை!"

அதுக்கும் ஆட்டினன்.

அப்பதான் அந்தச் சத்தம். தட தட தட. கூரைக்கு நேர மேல, நல்லாப் பதிஞ்சு.

கெலி!

நான் இந்த நாட்டுக்கு வந்து கனகாலம். பாஸ்போட் கனடா. கிறிஸ்மஸுக்கு மரம் வைக்கிறனான். சண்டையும் முடிஞ்சுபோச்சு. இதில ஒண்டும் அந்த நேரம் ஞாபகம் வரேல்லை. ஊரில கெலி சுட வந்தால் பங்கர் குழிக்குள்ள பாயிற மாதிரி, யோசிக்க முதல் ஓட்டைக்குள்ள குதிச்சிட்டன்.

மற்றப் பக்கத்தால சிவா அண்ணையும் குதிச்சிட்டார்!

ஓட்டை ஒராளுக்கு. தொப்பை வண்டி ரெண்டு. அப்பிடியே இடுப்போட இறுகிப்போனம். மூக்கும் மூக்கும் முட்டுது. நாலு கையும் தலைக்கு மேல, நாலு காலும் கீழ தொங்குது.

கெலி போயிட்டுது. நாங்கள் அதிலதான் நிக்கிறம்.

கீழ டேவுக்கு ஓட்டையால வந்த வெளிச்சம் மறைஞ்சுபோச்சு. "ஹலோ? என்ன நடந்தது? வீடு இடியுதா?"

"ஹெலிகொப்டர்!" எண்டு கத்தினன்.

டேவ் மெல்லமாக் கேட்டார், "வீட்டுக்கு மேலயா இறங்குது?"

இந்த மனிசனுக்கு இதை எங்கயிருந்து தொடங்கி விளங்கப்படுத்துறது?

"மூச்சை உள்ளுக்கு இழும் தம்பி," எண்டார் சிவா அண்ணை.

"நீங்கள் இழுங்கோ அண்ணை. உங்கட வண்டிதான் பெரிசு."

"என்ர வீட்டில நிண்டுகொண்டு என்ர வண்டியைக் கதைக்கிறீரோ?"

சரி, வீடு கைவிட்டுப் போச்செண்டு விளங்கிச்சு. அந்த நேரம் பாத்து மாலா உள்ள வந்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"கெலி வந்தது."

எங்கள் ரெண்டுபேரையும் மாறி மாறிப் பாத்தாள். ஏசப்போறாள் எண்டு நினைச்சன். ஏசேல்லை.

"சண்டை முடிஞ்சுதப்பா," எண்டாள், மெல்லமா.

"எங்களுக்குத் தெரியும் பிள்ளை," எண்டார் சிவா அண்ணை. "காலுக்குத்தான் இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிடந்த இறுக்கத்தில ரெண்டுக்கும் இடமில்லை.

மாலா என்ர கையைப் பிடிச்சு இழுக்க, டேவ் கீழயிருந்து ஆரின்ரையோ காலைத் தள்ள, ஒருமாதிரி நான் வெளிய வந்தன். ஒரு சப்பாத்து வரேல்லை.

பின்னால சிவா அண்ணை ஏற, டேவும் ஏறி வந்து தூசியைத் தட்டினார். "எல்லாம் நல்லா இருக்கு. வாசல்தான் சின்னன்."

சிவா அண்ணை ஓட்டையையே பாத்துக்கொண்டு நிண்டார்.

வீட்டை வாங்கிட்டம். சாவி தந்த அண்டைக்கு, சிவா அண்ணை குசினியைக் காட்டமுதல் படிக்கட்டடிக்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பலகை புதுசு, பிணைச்சல் புதுசு, ஆணி எல்லாம் பளபளவெண்டு மினுங்குது. ஓட்டை இருந்ததை விட ரெண்டு மடங்கு.

"இனிக் குடும்பமா இறங்கலாம் தம்பி."