மூலக்கூறுக்குப் பிடரி முளைத்த கதை

ஒரு காட்டில் ஓடைத் தண்ணீர் குடித்தவர்களுக்கெல்லாம் முடி கொட்டியது. பூரணி என்ற தேவாங்கின் குட்டிக்கு முடி கொட்டியதோடு கை காலும் துவண்டுவிட்டன. ஓடைக்கு மேலே சாயப்பட்டறை வைத்திருந்தது நரி. அது அமைச்சரும்கூட. பிறகென்ன, யார் வாயைத் திறப்பார்கள்?

பூரணி திறந்தது. நரி சிரித்தது. “என் சாயத்துல விஷமா? அந்த விஷத்தோட ஒரே ஒரு மூலக்கூறை உருவத்தோட காட்டு தாயி. பட்டறையை நானே மூடிடறேன்.”

அடக் கண்றாவியே! மூலக்கூறு என்ன பூசணிக்காயா, தூக்கிக் காட்ட? ஆனால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா? பூரணி ஓர் ஊசி செய்தது. நுனியில் ஒரே ஓர் அணு. அந்த நுனி மூலக்கூறைத் தொட்டும் தொடாமலும் வரிவரியாகத் தடவிக்கொண்டே போகும். மேடு பள்ளமெல்லாம் படமாக வரும். யாராவது தும்மினால் போச்சு. யானைகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாதிப் படம் வந்தது. சாயத்தின் வளையங்கள் தேன்கூட்டு அறைகள் மாதிரி அச்சாகத் தெரிந்தன. நரி அதை எட்டிப் பார்த்தது. ஓடிப்போய்ச் சிங்கராசாவைத் தாரை தப்பட்டையோடு கூட்டி வந்துவிட்டது, படத்தைத் திறந்துவைக்க!

தரை அதிர்ந்தது. ஊசி கீழே இடித்து, முனை மழுங்கிச் சிலும்பிப் போனது.

“புது ஊசி செய்யணும் ராசா” என்று பூரணி கெஞ்சியது.

“நல்ல நேரம் முடியப் போவுது. இப்பவே காட்டு” என்றது சிங்கம்.

வந்த படத்தில் நடுவில் ஒரு மொத்தை, சுற்றிலும் சிலும்பல்.

“அட, என் பிடரி!” என்றது சிங்கம்.

“ஐயோ ராசா, அது மொக்கை ஊசியோட உருவம். எதை வச்சாலும் இதேதான் வரும், பாருங்க.” பூரணி உப்பை வைத்துக் காட்டியது. சர்க்கரையை வைத்துக் காட்டியது. அதே மொத்தை, அதே சிலும்பல்.

சிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “உலகத்துல எல்லாமே என் ஜாடைதானா? எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம்.”

நரி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. “அப்ப ஓடையில ஓடறது ராச அம்சம்! அதை வடிகட்டினா ராசத்துரோகம்.” அன்றே உத்தரவும் ஆயிற்று.

தாகம் என்று அழுத குட்டியைத் தூக்கிக்கொண்டு பூரணி ஓடைக்குப் போனது. காவலுக்கு நின்ற கழுதைப்புலி வழிமறித்தது. “சும்மா குடிச்சா எப்படி? குட்டியைக் கும்பிடச் சொல்லு.”

குட்டிக்குக் கை தூக்க முடியவில்லை. பூரணிதான் அதன் கைகளைச் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்தது.

நீதி: குடிப்பதென்றால், ராசா ஜாடையில் இல்லாத விஷமாகப் பார்த்துக் குடிக்கவும், அதை மட்டும்தான் வடிகட்ட அனுமதி உண்டு.