குலம் அண்ணை பேசிய சம்பளம்

எனக்கு வாய் நீளம். கேட்டால் யாரும் சொல்லுவார்கள். அந்த வாய் ஒரேயொரு நாள்தான் அடைத்துப்போனது. பேசியே ஆகவேண்டிய நாள் அது.

டென்மார்க்கில், ஓல்போர்க் நகரில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் கம்பெனியில், பழுதுபார்த்துக்கொண்டிருந்த என்னைத் தலைமைப் பொறியியலாளராக வரச்சொல்லிக் கேட்டார்கள். சம்பளம், ஓய்வூதியம், கார், கம்பெனிப் பங்குகள் என்று இரண்டு பக்கக் கடிதம். கடைசி வரியில், "ஏதாவது குறைகிறதா?" என்று கேட்டிருந்தது. எல்லா அரசாங்கக் கந்தோரிலும் கெஞ்சிப் பழகிய நான் அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன்.

மனைவி பத்மா மூன்று வருடமாக யாழ்ப்பாணத்தில் காத்திருந்தாள். குடும்பத்தை இங்கே அழைக்க எங்கள் ஆட்கள் போட்ட விண்ணப்பங்களை டென்மார்க் அரசாங்கம் அசையவிடாமல் வைத்திருந்த காலம். (நினைத்தால் இன்றும் கொதிக்கிறது.) பெரிய வேலை என்று காட்டினால் அவளுடைய விண்ணப்பம் அசையும் என்று நம்பினேன். சம்பளமில்லாமல் அந்த வேலையைத் தந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பிராண்டே என்ற ஊரில் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்த, எங்கள் ஊர்க் குலம் அண்ணை விடவில்லை.

"மாப்பிள்ளை தன்ர சீதனத்தைத் தானே பேசுறதோடா? வாயைப் பொத்திக்கொண்டிரு. நான் வாறன்."

வந்தார். கல்யாணக் கோட்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். (நானும் தடுக்கவில்லை, மடையன்.)

கம்பெனிக்குப் போனோம். இயக்குநர் எழுந்து, தானே எங்களுக்குக் கோப்பி ஊற்றினார். நான் அதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அண்ணை தொழிற்சாலை டேனிஷில் கத்தத் தொடங்கினார்.

"காருக்கு எத்தினை வயசு?"

புதிது என்றார் இயக்குநர். அண்ணை யன்னலால் எட்டிப்பார்த்து உறுதிப்படுத்தினார்.

"கம்பெனி முறிஞ்சா இந்தப் பங்கு?"

"மதிப்பிராது."

"அப்ப இது உறுதிப் பத்திரம் இல்லாத காணி. வெட்டுங்கோ!"

இயக்குநர் கடிதத்தில் அந்த வரியை வெட்டினார். நான் பதறி, மேசைக்குக் கீழே அண்ணையின் காலை மிதித்தேன். அது இயக்குநரின் கால்.

"அதுக்குப் பதிலா இவன்ர பெண்சாதியைத் தாங்கோ," என்றார் அண்ணை.

இயக்குநரின் முகம் சிவந்தது. வேலை போச்சு, பத்மாவும் போச்சு, இனி வாழைப்பழம்தான் மிச்சம் என்று நினைத்தேன்.

"அது என் கையில் இல்லை," என்றார் அவர், மெதுவாக. பிறகு, வெட்டிய வரிக்கு மேலே எழுதினார்: அனுமதி எப்போது வந்தாலும் மனைவியின் விமானச் செலவு கம்பெனியுடையது. கடைசித் திகதி என்று ஒன்றும் போடவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்தார்.

எங்களைத் தடுத்து வைத்திருந்ததும் இதே நாட்டுப் பேனாதான். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கோப்புகள் அசைந்தன. பத்மா கம்பெனிச் செலவில் வந்து இறங்கினாள். அந்தப் பங்குகளும் பிறகு ஏறின. கடலோரம் வீடே வாங்கியிருக்கலாமாம், பிள்ளைகள் கணக்குப் பார்த்துச் சொல்கிறார்கள். கறியில் உப்பில்லை என்று நான் வாய் திறந்தால் போதும்.

"ஏன், பங்கை வைச்சிருந்திருக்கலாமே?" என்பாள் பத்மா.

சாப்பிட வந்திருக்கும் குலம் அண்ணை சோற்றுக் கோப்பையை நீட்டுவார்.

"காணியை விட்டிட்டு உன்னை எடுத்துக் குடுத்தவன் நான். இன்னொரு துண்டு மீன் போடு, பிள்ளை."