எங்கள் தோட்டத்துக்கு அடியில் கிடந்த கடல்

அன்புள்ள தம்பி லோரிஸுக்கு,

கடல் மட்டத்துக்குக் கீழே குடியிருக்கும் உன் அண்ணன் நேரியோ எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி எல்வீராவும் சௌக்கியம். தூரினில் நீயும் உன் வீட்டாரும் சளி, இருமல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். விஷயம் என்னவென்றால், நான் தோற்றுவிட்டேன். இத்தனை வருஷமாக நீ கூப்பிட்டாய், இப்போது வருகிறோம். மாடி அறையை ஒழித்து வை.

காரணத்தைச் சொல்கிறேன், கேள். போன கோடையில் காயல் தண்ணீர் சூப் மாதிரி சுட்டது. மட்டியெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு செத்தது, மிச்சத்தை நீல நண்டு தின்றது. இன்னொரு கோடையை மட்டி தாங்குமா, இல்லை காயலில் என் பங்கை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உன்னிடம் வந்துவிடுவதா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான், பல்கலைக்கழகத்திலிருந்து லவீனியா என்ற பெண் வந்து, உங்கள் தோட்டத்தில் துளை போடலாமா என்று கேட்டாள். அடியில் பழைய கடலின் தரை கிடக்கிறதாம். முன்னொரு காலம் பூமி சூடானபோது அங்கே வாழ்ந்த ஜீவன்கள் என்ன செய்தன என்று அந்தச் சேற்றைப் பார்த்தால் தெரியுமாம். "மட்டியும் இருக்குமா?" என்றேன். "இருக்கும் ஐயா, ஓடு ஓடா வரும்" என்றாள். சரி, செத்தவர்களையே கேட்டுவிடுவோம் என்று எல்வீராவின் ரதிக்கியோ கீரைப் பாத்தியைக் காட்டிவிட்டேன். எல்வீராவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

துளை போடும் வண்டி வந்து நின்றதும் ஊரே கூடிவிட்டது. நம் ஊரில் தரைக்குள் குழாய் இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தானே. அப்பா காலத்தில் கேஸ் எடுத்து எடுத்து நிலம் ஆள் உயரத்துக்கும் அதிகமாக இறங்கிப்போனதும், வெள்ளம் வந்து பாதி ஊர் தூரினுக்கு ரயிலேறியதும் யாருக்கு மறக்கும்? பக்கத்து வீட்டு ஒனோரினா அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், தன் சமையலறைத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தாள்.

"பாத்தியா, உன் வீட்டுப் பக்கமா உருளுது. திருட்டுத்தனமா கேஸ் எடுக்குற."

"அக்கா, உன் கல்யாணத்தன்னைக்கே அது அப்படித்தான் உருண்டுச்சு."

"அன்னைக்கு மெதுவா உருண்டுச்சு."

பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து துளையின் மேலேயே போட்டு, ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வேளாவேளைக்கு காபி போட்டுக் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? உன் அண்ணிதான். கீரைப் பாத்திக்குப் பழி. கடைசியில் லவீனியா அதுவரை எடுத்திருந்த சேற்றுத் துண்டு ஒன்றை அவள் மூக்கருகே நீட்டி, "நீங்களே மோந்து பாருங்க, கேஸ் வாசனையா?" என்றாள். அக்கா முகர்ந்துவிட்டு, "மீன் சந்தை வாசனை" என்று நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினாள். அன்றிலிருந்து அவள்தான் மேஸ்திரி.

குழாய் இறங்க இறங்க ஒரு கடல் வந்தது, அதற்குக் கீழே பனியுகத்து ஆற்று மணல், அதற்கும் கீழே இன்னொரு கடல். அதில் ஓடுகள் அப்படியே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. "இது கடல் நல்லா சூடா இருந்த காலம் ஐயா. தாங்கியிருக்கு பாருங்க. அப்புறம் பனியுகம் வந்து கடல் பின்வாங்குச்சு, இதுங்களும் கூடவே போச்சு. கடல் திரும்பினதும் அதே கூட்டம் திரும்பி வந்திருக்கு" என்றாள் லவீனியா. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "அப்போ என் மட்டி தாங்கும்னு சொல்லு" என்றேன். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "உங்க மட்டி இதுல இல்லையே ஐயா. அது உங்க வாலிபத்துல ஆசியாவுலேர்ந்து கொண்டாந்து விட்டதுதானே. அதோட, இப்ப வெறும் சூடு மட்டும் இல்லை. வயல் உரம், சாக்கடை, அடியை வாரிட்டுப் போற வலை எல்லாம் சேர்ந்துக்கிச்சு. மேல் சேத்துல பழைய கூட்டமே கலைஞ்சு கிடக்கு. காயல் வாய்ப் பக்கம் கொஞ்சம் நாட்டு மட்டி ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்."

"இவ்வளவு ஆழம் தோண்டினது, உன் மட்டி அசலூர்க்காரன்னு தெரிஞ்சுக்கத்தானா?" என்றாள் ஒனோரினா அக்கா. தெருவே சிரித்தது. நாட்டு மட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் எனக்கென்ன, இருந்துவிட்டுப் போகட்டும். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, பெட்டியும் கட்டிவிட்டேன். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதா உங்களைக் காக்கட்டும், உங்கள் வீட்டுத் தரை என்றும் சமமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஊரை விட்டுக் கிளம்பும் அண்ணன்,
நேரியோ

பி.கு.: தம்பி, இது எல்வீரா. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். அறையை ஒழிக்க வேண்டாம். நேற்று அவர் கட்டிய பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு சட்டைகூட இல்லை. இடுப்பு வரைக்கும் ஏறும் ரப்பர் பூட்ஸ், மட்டி வாரும் முள்வாரி, ஈரச் சாக்கில் உயிரோடு சுற்றிய நாட்டு மட்டிக் குஞ்சுகள். "இதெல்லாம் தூரினுக்கு எதுக்கு?" என்றேன். "தம்பி வீட்டுப் பக்கமும் ஆறு ஓடுதுல்ல" என்கிறார். இன்று காலை விடைபெற்றுக்கொண்டு பெட்டியோடு இறங்கினார். "நேரியோ, ஸ்டேஷன் அந்தப் பக்கம் இல்ல" என்று ஒனோரினா அக்கா கத்தினாள். அவர் காதில் வாங்காமல் காயலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தான் இங்கே வர வேண்டும். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கீரை மட்டும் கேட்காதீர்கள்.