டவர் அண்ணனும் வானத்து அப்பன்களும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வானத்தைத் திட்டிக்கொண்டே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் டவர் அண்ணன்தான்.

செல்போன் கோபுரம் ஏறுவது எங்கள் இருவர் வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். கல்வராயன் மலைக் கோபுரங்களை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மலையில் மேகம் கறுத்தாலே நான் இறங்கும் வழி பார்ப்பேன். அந்த நேரத்தில்தான் இந்த ஆள் பாடம் எடுப்பான்.

"கிரேக்கத்துல ஜீயஸு. ரோம்ல ஜூபிடரு. நம்ம வேதத்துல தியௌஸ் பிதா. ஊருக்கு ஊரு மேல ஒரு அப்பன் குந்திக்கினு இருக்கான்டா. பூமி அம்மா, சோறு போடறா. அவன் இன்னா பண்றான்? கோவம் வந்தா இடிய எடுத்து வீசறான். எங்கப்பன் சொம்ப வீசுவாரு. அவ்ளோதான் வித்தியாசம்."

எல்லாம் செல்போனில் படித்தது. இடி இடித்தால் முதலில் கட்டிலுக்கடியில் போவதும் அவன்தான். இவ்வளவு பயந்தவன் ஏன் கோபுரம் ஏறுகிறாய் என்றால், "கிட்டப் போய்த் திட்டினாதான் கேக்கும்" என்பான்.

ஒருநாள் கச்சிராயபாளையம் டீக்கடையில் நின்றோம். இடி இறங்கியது. டீ மாஸ்டர் "அர்ஜுனா, அர்ஜுனா" என்றார். இவனுக்குப் பொறுக்கவில்லை.

"அர்ஜுனன் இந்திரன் புள்ள. அந்தப் பேரக் கேட்டா அந்த அப்பன் மட்டும்தான் கைய மடக்குவான். மேல இருக்கறது ஜீயஸுன்னா இன்னாய்யா பண்ணுவ?"

"நீ குடிக்கறதே ஓசி டீ. இதுல வெளிநாட்டு அப்பனுங்க வேறயா?" என்றார் மாஸ்டர்.

அந்த வாரமே வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கோபுரத்தில் பழுது. மழை வரும் போலிருக்கிறது என்றோம். சீக்கிரம் ஏறச் சொல்லி சூப்பர்வைசர் போனில் விரட்டினான். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன கேடு?

நான் பாதிக்கு மேல் ஏறியிருந்தேன். மழை மறைத்து எதிர்மலை காணாமல் போனது. இறங்கப் பார்த்தால் பெல்ட் கொக்கி இரும்புச் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. பக்கத்துச் சரிவில் மின்னல் இறங்கி, கோபுரம் மொத்தமும் அதிர்ந்தது. பேன்ட் நனைந்தது மழையால் என்றுதான் பிறகு எல்லாரிடமும் சொன்னேன்.

கீழே பார்த்தேன். டவர் அண்ணன் ஏறி வந்துகொண்டிருந்தான், கண்ணை இறுக மூடிக்கொண்டு. வந்ததும் என்னைத் தன் பெல்ட்டோடு மாட்டினான். சிக்கிய கொக்கியின் கயிற்றைக் கத்தியால் அறுத்தான். பிறகு கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

"யோவ், நீ எந்த ஊரு அப்பனா வேணா இரு. இது எம் புள்ள. கை வெக்காத."

கீழே ஜெனரேட்டர் அறைக்குள் ஒடுங்கியதும் சண்டைக்குப் போனேன். "உனக்கும் எனக்கும் நாலு வயசுதான் வித்தியாசம். நான் எப்பண்ணா உனக்குப் புள்ளயானேன்?"

"அர்ஜுனன் பேரு எல்லா அப்பனுக்கும் தெரியாதுடா. புள்ளன்னா இன்னான்னு எல்லா அப்பனுக்கும் தெரியும்." பல் தந்தியடித்ததில் பாதிதான் வெளியே வந்தது.

அப்புறம் அவனை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் இடி இடித்தால் வீட்டில் எல்லாரும் அர்ஜுனன் பேரைச் சொல்வார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, மேலே இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வேன்: நான் டவரோட புள்ள.