பென்சில் அளவு துளைக்கு நாற்பது நாள்

கல்முனைக்குடி. 1957 மார்ச் 14, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். ஸகியாவுக்கு ஆபரேஷன் நடந்து இருபத்து நான்கு நாள். அவள் என்னோடு கதைக்காமல் நான்கு நாள்.

மதிப்புக்குரிய ஆதம்பாவா மச்சானுக்கு மஜீட் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் என்னோடு கூடப் பிறந்த ராத்தாவும் சுகமென்று எடுத்துக்கொள்கிறேன். சுகமில்லாவிட்டால் ராத்தா தந்தி அடித்திருப்பா. இங்கே நாங்களும் சுகம், கீழே எழுதுவதைத் தவிர.

நீங்கள் கொழும்பில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடமாடி மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி, உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை. உங்கள் பெரிய டாக்டர் அந்தக் குழாயை என் கையில் தந்து காட்டினாரே, பென்சில் தடிப்புத்தான், நுனியில் பச்சரிசி அளவு பல்பு. அதைத் தொப்புளுக்குக் கீழே விட்டு, உள்ளே விளக்கேற்றிப் பார்த்து, பக்கத்தில் இன்னொரு துளையால் ஊசி விட்டு நீர்க்கட்டியை வற்றவைத்துவிட்டு, இரண்டு தையலோடு அனுப்பிவிட்டார். நான் வாய்க்கால் ஓவர்சியர். கரையில் ஒரு கசிவைத் தேட முப்பது பேரை வைத்து மூன்று நாள் வெட்டுகிறவன். அதைவிட அதிசயம், தையல் எடுத்த பிறகு தோல் தானாகவே மூடிக்கொண்டது. சீமெந்துக்குக்கூட நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும் மச்சான். இதற்கு ஆளே தேவைப்படவில்லை. ஸுப்ஹானல்லாஹ் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்த அதிசயத்தால்தான் வினை வந்தது. நாங்கள் வந்து இறங்கிய அன்றே பக்கத்து வளவு மைமூனா ஒரு கோழியோடு வந்தா. பின்னால் ஆறு பெண்கள். தழும்பைக் காட்டச் சொன்னார்களாம். நான் வெளி விறாந்தையில் இருந்தேன், மைமூனாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது: "என்ன கா இது? நுளம்பு கடிச்ச மாதிரி இரிக்கி! இதுக்கா நான் முட்டையிடுற கோழியக் கொண்டந்த?" கோழியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் போகும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டு போனா.

ஊரோ ஆபரேஷனே நடக்கவில்லை என்கிறது. என் மாமி ஸைனம்பு நாற்பது நாள் என்கிறா. எங்கள் பக்க வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல: மாப்பிள்ளை இருப்பது பெண்வீட்டில், மாமி மாப்பிள்ளையின் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். ஸகியா உள்ளே படுத்திருக்க, வீட்டில் வேறு யாரும் இல்லாததால் மாமி கோழியிடம் சொன்னா.

"கோழி, மாப்புள்ளைக்கிட்டச் சொல்லு. புள்ளப் பெத்தவளுக்கும் நாப்பது, வயித்தக் கீறினவளுக்கும் நாப்பதுதான். அதுவரைக்கும் ஸகியா என்ட அறையிலதான் படுப்பா."

"கீறல்ல மாமி, தொளச்ச."

"அப்ப எம்பது எண்டு சொல்லு. கீறினா தையல் புடிச்சி வெச்சிரிக்கும். தொளச்சா என்ன இரிக்கி புடிக்க?"

நான் விடவில்லை. வயிற்றுச் சுவரின் குறுக்குவெட்டை அளவோடு வரைந்து, தோல், கொழுப்பு, தசை என்று வர்ணம் தீட்டித் திரைச்சீலையில் குத்திவிட்டேன். மாமி அதைத் திரைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தா. பிறகு, "கோழி, கிணறு ஆருக்கு வெட்டப்போறாராம்?"

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. மைமூனாவும் மற்றவர்களும் மறுபடி வந்திருந்த நேரம். டாக்டர் தந்த சீட்டை எடுத்தேன், திரைக்கு இந்தப் பக்கம் நின்று, இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் உரத்து வாசித்தேன். பதினான்கு நாளுக்குப் பிறகு கணவன் மனைவி சேரலாம்; காயம் ஆறியிருக்க வேண்டும்; காய்ச்சலோ இரத்தப்போக்கோ இருக்கக் கூடாது; வயிற்றில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; நோயாளிக்கு நோவு இருக்கக் கூடாது, மனமும் இருக்க வேண்டும். முதல் மூன்றும் சரி, நான்காவது என் பொறுப்பு. கடைசி, எந்தச் சீட்டிலும் மரியாதைக்காக எழுதும் வரி. ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு ஏழு பேரும் சிரித்தார்கள், பிறகு ஓர் அறைக்கதவு சாத்தப்பட்டது. அன்றிலிருந்து ஸகியா என்னோடு கதைப்பதில்லை. கலியாணம் முடித்து மூன்று வருடத்தில் இப்படி நடந்ததில்லை. கட்டி போனதென்று சந்தோஷப்படவா, வீட்டுக்காரியே போய்விடுவாளோ என்று பயப்படவா என்று தெரியாமல் இருக்கிறேன்.

எல்லாம் மாமியின் பிடிவாதத்தால் வந்தது. ஆகவே, நாற்பது நாள் கணக்கு பிள்ளைப்பேற்றுக்கு மட்டும்தான், துளைக்கு இல்லை என்று தமிழில் ஒரு கடிதம் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரையை அமத்திக் குத்தி, உடனே தபாலில் போடவும். முத்திரை ஊதா நிறத்தில் இருந்தால் நல்லது.

ராத்தாவுக்கு என் ஸலாம். இதை மட்டும் அவவிடம் காட்ட வேண்டாம். பிள்ளைகளின் ஆயுளுக்கும் படிப்புக்கும் துஆச் செய்யும்,

உங்கள் மச்சினன்
மஜீட்

பி.கு.: அதே நாள், பின்னேரம் இரண்டரை. முத்திரை வேண்டாம். ளுஹர் தொழுகைக்குப் போன நேரம் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். வந்தால் ஸகியா அதை வாசித்து முடித்து, கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"உம்மாவ ஏன் ஏசி எழுதியிரிக்கீங்க? நாப்பது நாள் உம்மா சொன்ன கணக்கில்ல. நான்தான் கேட்டு வாங்கின."

"ஏன்? நோகும் எண்டு பயமா?"

"நோகுறதுக்குப் பயமில்ல. நோகுது எண்டா நீங்க நிப்பாட்டுவீங்களா எண்டுதான் தெரியா. அண்டைக்குச் சீட்டு வாசிக்கக்குள்ள, நான் திரைக்குள்ளால கைய நீட்டி நிப்பாட்டுங்க நிப்பாட்டுங்க எண்டு ஆட்டின. நீங்க பாத்தீங்க. பாத்துட்டு, கடைசி வரி வரைக்கும் வாசிச்சீங்க."

பார்த்தேன், மச்சான். உண்மை.

கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன். புது மதகை முதல் தரம் திறக்கும்போது ஒரு அங்குலம்தான் திறப்போம். கரையில் ஓர் ஆள் நிற்பான். அவன் கை தூக்கினால் இன்ஜினியரே சொன்னாலும் கதவு மேலே போகாது. ஏன் தூக்கினாய் என்று பிறகுதான் கேட்பார்கள்.

"அப்ப கரையில நிக்கிற ஆள் நான்தான்," என்றாள். "கேள்வியும் இல்ல. ஓமா?"

"ஓம்."

அந்தக் குழாயைப் பார்த்தும் நான் இப்படிப் பிரமித்ததில்லை. ஆகவே இனிச் செய்யப்போவது:

1. சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிய நாட்களை அழிப்பேன். நாள் அவள் சொல்வாள்.
2. அதுவரைக்கும் கிணற்றுத் தண்ணீர் நான் அள்ளுவேன். மாமி கோழியிடம் என்ன சொன்னாலும் சரி.
3. காய்ச்சல், இரத்தம், கூடிக்கொண்டு போகும் நோவு, எது கண்டாலும் அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரி. கைமருந்து இல்லை.
4. வயிற்றில் பாரம் விழ விடமாட்டேன். கை தூக்கினால் நிற்பேன்.
5. திரைச்சீலைக்கு முன்னால் போய் மாமியிடம் மன்னிப்புக் கேட்பேன். நேராக மாமியிடமே.
6. இந்த விஷயமாக உங்களுக்கு இனி ஒரு வரியும் எழுதமாட்டேன். மறுகா என்ன நடந்தது என்று கேட்டு நீங்களும் எழுதக் கூடாது.