இரண்டு மணிச் சுடுதண்ணீர்

புதிய ஷவரின் சுவிட்சை உதயரூபன் போட்ட மூன்றாவது செக்கனில், வீட்டில் சுற்றிக்கொண்டிருந்த மூன்று மின்விசிறிகளும் ஒன்றாக நின்றன. சமையலறையில் பிரிஜ் ஒருமுறை குலுங்கிவிட்டு அடங்கியது.

"சுடுகுதா மாமா?" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டான்.

உள்ளே மாமனார் நல்லரத்தினம் குழாயை ஒருமுறை மூடித் திறக்கும் சத்தம் கேட்டது.

"தலைக்குச் சவுக்காரம் போட்டுட்டன்," என்றார் பிறகு. "பச்சத்தண்ணிதான் வருது."

கூடத்திலிருந்து மனைவி பிரஷாந்தியின் குரல் வந்தது. "என்னங்க, முழு வீட்டுக்கும் கரண்ட் போயிட்டு!"

உதயரூபன் சட்டைப் பையிலிருந்த சிறிய கொப்பியை எடுத்து எழுதினான்: 'திங்கள், பி.ப. 2.05. முதல் முயற்சி. சுவிட்ச் போடப்பட்டது. வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. பிழை ஷவரிலா, என்னிலா தெரியவில்லை.'

அவன் எதையும் எழுதிவைப்பவன். எழுதிய பிறகு, எழுதியது சரிதானா என்று யோசிப்பவன். களுவாஞ்சிக்குடியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தான். கலியாணம் கட்டிக் குருக்கள்மடம் கிராமத்தில் உள்ள இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வீடு பிரஷாந்திக்குச் சீதனமாக எழுதப்பட்டது. மாமாவும் மாமியும் முன் அறையில் இருந்தார்கள். இந்த எட்டு மாதத்தில் இந்த வீட்டுக்காக அவனாக எடுத்த தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். அது இப்போது குளியலறைச் சுவரில் வெள்ளை நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

குளியலறைக்குக் கூரையாக இருந்த கொங்கிறீற் தட்டு ஒழுகியதில்தான் எல்லாம் தொடங்கியது. தட்டின் மேலிருந்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கியை இறக்கி, பின்வளவில் வேப்பமரத்தடியில் கல் மேடை கட்டி வைத்தார்கள். தட்டைப் பூசினார்கள். உள்ளே சுவருக்குப் புது டைல்ஸ் பதித்தார்கள்.

"இவ்வளவும் செய்யிறம், அந்தப் பழைய சுடுதண்ணி மெசினையும் மாத்திருவம்," என்றான் உதயரூபன். சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று ஒருமுறை யோசித்தான்.

பழைய மெசின் நல்லரத்தினம் கத்தாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியபோது தோளில் சுமந்து வந்தது. பதினாறு வருடமாகச் சுவரில் இருந்தது. காலையில் வட்டைக்குப் போய் வயலைப் பார்த்துவிட்டு வருபவர், பகல் சாப்பாட்டுக்கு முன், சரியாக இரண்டு மணிக்கு அதன் கீழ் நிற்பார். "நாரிப் பிடிப்புக்கு இதவிட மருந்தில்ல," என்று இடுப்பைத் தடவிக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். மெசினின் மூடி மஞ்சளாகி, வெடித்து, ஒரு பக்கம் கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

"மாத்தத்தான் வேணுமா மருமகன்?" என்று அப்போது மாமி மங்கையற்கரசி கேட்டார்.

"பாதுகாப்பில்ல மாமி. ஈரக் கையோட தொட்டா ஆபத்து."

மாமி அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்ப இப்றாஹிம் காக்காவக் கூப்பிடுங்க. பழசப் பூட்டினது அவருதான். வேற ஒருத்தரையும் உட வேணாம்."

ஆனால், எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் காக்கா என்று கூப்பிடும் காத்தான்குடி இப்றாஹிம், கண் மங்கி வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவரிடம் ஆறு வருடம் வயரிங் பழகிய நஸீரை உதயரூபன் கூட்டிவந்தான். அதற்குள் மேசன் வயரை வெட்டிப் பழைய மெசினைக் கழற்றி, பழைய இரும்புக்காரரிடம் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிவிட்டார். வாளி நல்ல வாளி.

செவ்வாய்க்கிழமை நஸீர் திரும்பி வந்து, புது ஷவரைக் கழற்றி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வயரை விரலால் உருட்டிப் பார்த்தான்.

"காக்கா இழுத்த வயர் எண்டு நான் பாக்காமலே பூட்டிட்டன் தம்பி. இது லைட்டுக்குப் போடுற வயர். இதுலயா பழைய மெசின் ஓடின?"

"பதினாறு வருசம்."

"பழசு ஒரு நாளும் கரண்ட விழுத்தினதில்ல," என்றார் வாசலில் நின்ற நல்லரத்தினம்.

நஸீர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த வயரைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தான். "அதுதான் இப்றாஹிம் காக்கா. அவர்ர கைவேல அப்பிடி. நம்மளால ஏலா. நாம தடிச்ச மொத்த வயர்தான் போடணும்."

மொத்த வயர் போட, புது டைல்ஸில் பதினொன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. பதினொன்றும் உடைந்தன. கடையில் அந்த நிறம் முடிந்துவிட்டது. கிடைத்தது கொஞ்சம் நீலம். பதித்து முடித்தபோது சுவரில் ஓர் ஆறு மேலிருந்து கீழே ஓடுவது போல இருந்தது.

"வடிவாத்தான் இரிக்கி," என்றான் நஸீர்.

மங்கையற்கரசி குளியலறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு மின்சாரம் நிற்கவில்லை. ஷவரும் ஓடவில்லை. அதன் முகத்தில் ஒரு விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டியது. கூட வந்த புத்தகத்தை உதயரூபன் முழுவதும் படித்தான். தண்ணீர் போதிய வேகத்தோடு வராவிட்டால் மெசின் சில செக்கன்களில் தானாக நின்றுவிடுமாம்.

"தாங்கிய உசத்தணும்," என்றான் நஸீர். "மேடையில இன்னும் நாலு வரிசைக் கல் வெச்சாச் சரி. மரத்துக்குள்ள போனா இன்னும் நல்லம், பாசியும் புடியாது."

"நிழலுக்குள்ள இன்னும் மேலயா?" என்று கேட்டார் நல்லரத்தினம்.

"ஓம் மாமா. உயரம் கூடினா வேகம் கூடும்," என்றான் உதயரூபன்.

நல்லரத்தினம் வாயைத் திறந்தார். தேங்காய் திருவிக்கொண்டிருந்த மங்கையற்கரசி கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். நல்லரத்தினம் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாமா போனதும் மாமி கிட்ட வந்தார். "மருமகன், அந்தத் தாங்கியப் பழைய இடத்திலயே வையுங்களன்."

"தட்டு மறுகாவும் ஒழுகும் மாமி."

"ஒழுகினா ஒழுகட்டும்."

உதயரூபன் எழுதினான்: 'மாமி தாங்கியைத் தட்டில் வைக்கச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருக்க முடியாது. ஆனாலும் கேட்கப் பயமாக இருந்தது.'

நாலு வரிசைக் கல் வைத்தார்கள். தாங்கி வேப்பங்கிளைகளுக்குள் போய் மறைந்தது. வியாழக்கிழமை தண்ணீர் வந்த வேகத்தில் நல்லரத்தினத்தின் கையிலிருந்த சவுக்காரம் பறந்துபோய்க் கதவில் அடித்தது. மெசின் சூடாக்கத் தொடங்கியது. அதே நேரம் பிரஷாந்தி சோற்றுக் குக்கரைப் போட்டாள். பிரிஜ்ஜும் உறுமியது. இந்த முறை வீட்டு வாசலில் இருந்த மெயின் சுவிட்சே விழுந்தது.

"எல்லாத்தையும் ஒரே நேரத்தில இழுத்தா வீடு தாங்காது தம்பி," என்றான் நஸீர் தொலைபேசியில். "மெசின் ஓடக்குள்ள மத்ததெல்லாத்தையும் நிப்பாட்டுங்க."

இது உதயரூபனுக்குத் தெரிந்த வேலை. அவன் ஓர் அட்டவணை தயாரித்தான். 1.50: பிரிஜ் நிறுத்தம். 1.52: மின்விசிறிகள் நிறுத்தம். 1.55: குக்கர், தண்ணி மோட்டர், தொலைக்காட்சி நிறுத்தம். 2.00: மாமா. 2.20: அனைத்தும் வழமைக்குத் திரும்புதல். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பிரிஜ்ஜிலும் மற்றதைக் குளியலறைக் கதவிலும் ஒட்டினான்.

"'மாமா' எண்டு நேரம் போட்டு ஒட்டியிருக்கீங்க. அப்பா என்ன பஸ்ஸா?" என்று கேட்டாள் பிரஷாந்தி.

வெள்ளிக்கிழமையும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. சோறு அரைவாசி வெந்து நின்றது. காற்றில்லாமல் எல்லோரும் வேர்த்துக்கொண்டு, குளியலறைக் கதவைப் பார்த்தபடி கூடத்தில் இருந்தார்கள். மெயின் விழவில்லை. மெசின் ஓடியது. தண்ணீர் வந்தது.

நல்லரத்தினம் துவாயோடு வெளியே வந்தார்.

"எப்பிடி மாமா?"

மாமா அவனைப் பார்க்கவில்லை. மூன்றடி தூரத்தில் நின்ற மனைவியைப் பார்த்துச் சொன்னார். "மாப்பிள்ளையிட்டச் சொல்லு, தண்ணி வேகமா ஓடுறதால சூடு புடிக்க நேரமில்ல எண்டு."

"மாமா சொல்லுறாரு…" என்று தொடங்கினார் மங்கையற்கரசி.

"கேட்டுது மாமி."

"இன்னொண்டையும் சொல்லு. ஞாயித்துக்கிழம நான் ஆர்த்திகாட வீட்ட போறன். கொஞ்ச நாளைக்கு அங்க இரிக்கப் போறன்."



ஆர்த்திகா மூத்த மகள். களுவாஞ்சிக்குடியில் அவளுக்கும் சீதன வீடு இருந்தது. மாமனார் ஒரு மகளின் வீட்டிலிருந்து இன்னொரு மகளின் வீட்டுக்குப் பையோடு போனால், அதற்கு ஊரில் ஒரே ஒரு பொருள்தான்: அந்த வீட்டு மருமகன் சரியில்லை. திங்கட்கிழமை உதயரூபன் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

அன்று மாலை பிரஷாந்தி முன் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "அப்பா சாரன் மடிச்சுப் பைக்குள்ள வைக்கிறாரு. அம்மா ஒண்டொண்டா வெளிய எடுத்துத் திருப்பி அலுமாரிக்குள்ள வைக்கிறா. ரெண்டு பேரும் கதைக்கல்ல."

"நான் என்ன செய்யிற?"

"நீங்க ஒண்டும் செய்யாம இரிந்திருந்தா ஒண்டும் வந்திருக்காது."

இந்த வசனத்தை அவன் கொப்பியில் எழுதவில்லை. எழுதாமலே நினைவிருந்தது.

சனிக்கிழமை காலை நஸீரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக் காத்தான்குடிக்குப் போனான். இனி ஒரே வழிதான் இருந்தது. லைட் வயரில் அந்தப் பழைய மெசின் பதினாறு வருடம் எப்படி ஓடியது? அந்த வித்தையைத் தெரிந்துகொண்டால், அதே மாதிரிப் புதியதையும் ஓட்டிவிடலாம்.

இப்றாஹிம் காக்கா முன் விறாந்தையில் இருந்தார். அவருடைய மகள் ஸகியா இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டாள்; பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லரத்தினத்தார்ர மருமகனா? வாங்க மகன், இரிங்க. மெசின் எப்பிடி?"

"அத மாத்திட்டம் காக்கா."

இப்றாஹிம் காக்கா முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தது. "மாமி ஓம் எண்டாவா?"

"உங்களத்தான் கூப்பிடச் சொன்னவ. உங்களுக்குக் கண் ஏலாது எண்டு நான்தான் நஸீரக் கூப்பிட்டன்."

நஸீர் பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உதயரூபன் கொப்பியைத் திறந்து திங்கள் முதல் வெள்ளி வரை வாசித்தான். காக்கா கண்ணை மூடிக் கேட்டார். வயர் வந்தபோது தலையசைத்தார். டைல்ஸ் வந்தபோது பெருமூச்சு விட்டார். தாங்கி வந்தபோது கண்ணைத் திறந்தார்.

"தாங்கி இப்ப எங்க இரிக்கி?"

"வேப்பமரத்துக்கு உள்ள."

"நிழல்ல."

"ஓம் காக்கா. பாசி புடியாது எண்டு…"

காக்கா நஸீர் பக்கம் திரும்பினார். "ஆறு வருசம் என்னோட திரிஞ்சியேடா."

"என்ன காக்கா?"

"ஒண்டுமில்ல. குடி."

உதயரூபன் பேனையின் மூடியைக் கழற்றினான். "காக்கா, அந்த மெல்லிய வயர்ல அத எப்பிடி ஓட்டின நீங்க? ஒவ்வொண்டாச் சொல்லுங்க, நான் எழுதிக்கொள்ளுறன்."

"அது ஓடல்ல மகன்."

"என்ன?"

"அதுக்குள்ள ஒரு சிவப்பு லைட்டு இரிந்திச்சு. நான் கரண்ட் குடுத்தது அதுக்கு மட்டும்தான்." காக்கா குரலைத் தாழ்த்தினார். "பூட்டப் போன அண்டைக்கு உங்கட மாமி என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு அழுதா. 'தண்ணியும் கரண்டும் ஒண்டாச் சேந்தா மனுசன் செத்துப்போவாரு காக்கா, கத்தார்ல பதினொரு வருசம் இரிந்து உசிரோட வந்தவர இந்தப் பெட்டிக்குக் குடுக்கவா' எண்டா. நான் என்ன செய்யிற? தாங்கி கறுப்பு. தட்டு கொங்கிறீற். ரெண்டு மணி வெயில். அந்தத் தண்ணியில தேத்தண்ணி ஊத்தலாம்."

நஸீர் கோப்பையைக் கீழே வைத்தான். செவ்வாய்க்கிழமை அவன் மரியாதையோடு பார்த்த வயர் அது.

உதயரூபன் எழுதினான்: 'பழைய மெசின் ஓடவில்லை.' எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தான். வழமைக்கு மாறாக, சந்தேகம் எதுவும் வரவில்லை.

சந்தேகத்துக்குப் பதிலாகப் பயம் வந்தது.

"காக்கா, தாங்கிய இண்டைக்கே தட்டில ஏத்திரலாம். தட்டு ஒழுகினா ஒழுகட்டும். ஆனா ஏன் ஏத்துறாய் எண்டு மாமா கேட்டா நான் என்ன சொல்லுற? உள்ளதச் சொன்னா மாமி பதினாறு வருசம் மறைச்சது வெளிய வந்திரும். அந்த மனுசன் தாங்கமாட்டாரு. சொல்லாம உட்டா நாளைக்குப் பையத் தூக்கிருவாரு."

இப்றாஹிம் காக்கா எட்டி அவன் கையிலிருந்த கொப்பியை வாங்கி, மெதுவாக மூடி, அவன் மடியில் வைத்தார்.

"ஊரெல்லாம் கரண்ட் வெட்டின வருசம் உங்கட மாமாவும் இந்தக் கதிரையிலதான் வந்து இரிந்தவரு மகன், 'கரண்ட் இல்லாத நேரத்திலயும் மெசின்ல சுடுதண்ணி வருது காக்கா, ஆனா நான் கண்டுபுடிச்சிட்டன் எண்டு என்ர மனுசிக்கு மட்டும் தெரியப்படாது, பாவம்' எண்டு சொல்லிட்டுப் போனவரு."